கொள்ளிடப் படுகை நிலத்துக்கு ஆற்றுப் புறம்போக்கு நோட்டீஸ்: வழி சொல்லுங்கள்

அணைக்கரைக்குக் கீழே, கொள்ளிடத்தின் தென்கரையில் அப்பா பெயரில் பட்டா உள்ள படுகை நிலம். வாழைதான் போடுவோம். 2018 ஆகஸ்டில், முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்த அந்த வெள்ளத்தில், ஆற்றோரப் பகுதி அரித்துப் போனது. எல்லைக் கற்களும் போய்விட்டன. பிறகு வந்த வெள்ளங்களில் அதே இடத்தில் வண்டல் படிந்து மேடாக, மறுபடி பயிர் வைத்தோம். இப்போது 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7வது பிரிவின்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த மேடு ஆற்றுப் புறம்போக்காம், அதாவது அரசுக்குச் சொந்தமான ஆற்று நிலமாம்.

ஆறு ஓடும் அடிநிலம் அரசுக்குச் சொந்தம் என்று அதே சட்டத்தின் 2வது பிரிவு சொல்கிறது. அது சரிதான், ஆறு எல்லோருக்கும் பொது. மணல் அள்ளிக் கொள்ளிடம் பள்ளமாகிப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தேவை என்று தெரியும். ஆற்று நிலத்தில் ஒரு அடிகூட எங்களுக்கு வேண்டாம். ஆனால் பட்டா எல்லை எங்கே முடிகிறது என்றுதான் தெரிய வேண்டும்.

சிட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் வருவாய்ப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் அளவைப் படம்) எல்லாம் எடுத்துவிட்டேன். வரைபடத்தில் அளவு இருக்கிறது, அளக்கத் தொடங்கக் கல்தான் இல்லை. நில அளவைக்குப் பணம் கட்டியும் ஆள் வரவில்லை. நோட்டீஸுக்கு அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை.

கற்கள் அழிந்த ஆற்றோர நிலத்தில் பழைய எல்லையை மீண்டும் நிறுவ, எந்தப் பதிவேட்டை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்?