இரத்த அழுத்த மாத்திரை கணையத்தில் இன்சுலினைக் கூட்டிவிடுமா?

பாம்பன் மகள்:
என் அப்பாவுக்கு 61 வயது. நாட்டுப்படகில் கடலுக்குச் செல்பவர். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாகக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். கை நடுக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமாகச் சென்ற மாதம் புரோப்ரனலால் சேர்க்கப்பட்டது. போன வாரம் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலேயே கிளம்பியவர், வலை இழுக்கும்போது உடல் முழுதும் வியர்த்து, பேச்சுக் குழறி, படகிலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரையைக் கூட்டித் தேநீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அழுத்த மாத்திரை இரத்தக்குழாய்களை விரிப்பதால் கணையத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து இன்சுலின் பெருகுகிறது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். அது சரியா?

தொண்டி மருந்தாளுநர்:
சகோதரி, அந்த விளக்கம் சரியன்று. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடுதான். ஆனால் கணையத்துக்கு வரும் இரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு பங்கை அவை பெறுகின்றன என்பது உண்மை. அதற்காக, இரத்தம் கூடினாலே இன்சுலின் கூடிவிடாது. டயசாக்சைடு என்னும் மருந்தைப் பாருங்கள்: அது இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது, ஆனால் இன்சுலின் சுரப்பை அடக்குகிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் சுவரிலுள்ள பொட்டாசியம் வாயில்களை அது திறந்துவைப்பதே காரணம். அப்பா சாப்பிடும் கிளிமிபிரைடு அதே வாயில்களை மூடுகிறது. அதனால் செல்லின் மின்நிலை மாறி, கால்சியம் உள்ளே புகுந்து, இன்சுலின் வெளியேறுகிறது. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததற்கு முதற்காரணமாக நான் கருதுவது அதைத்தான்.

புரோப்ரனலால் செய்த தீங்கு வேறு. அது குழாய்களை விரிக்கும் மருந்தே அன்று. சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடுகிறது. கல்லீரல் சர்க்கரையை விடுவித்து உடல் மீள்வதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் வியர்வையை அது மறைப்பதில்லை. கடலில் உழைப்பவருக்கு வியர்ப்பதை யார் கவனிப்பார்கள் என்பதே என் கவலை. ஆனாலும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; புரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சாயல்குடிக்காரன்:
படகில் கருப்பட்டி வைத்துக்கொண்டால் போதாதா? அது சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல் இல்லை என்கிறார்களே.

தொண்டி மருந்தாளுநர்:
ஐயா, கருப்பட்டியும் சர்க்கரைதான். நாள்தோறும் உண்டால் கெடுதல் செய்யும், மயக்கம் வரும் வேளையில் கரைத்துக் கொடுத்தால் உதவும். குளுக்கோஸ் பொடி இன்னும் விரைவாக வேலை செய்யும். 15 கிராம் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் அளவுக்கு நீடிப்பதால், தெளிந்த பிறகு வயிறாரச் சாப்பிட வைத்து, தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

பாம்பன் மகள்:
நன்றி ஐயா. அப்பா கடலுக்குப் போகும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் எழுதி, நாளை மருத்துவரிடம் காட்டுகிறேன். உடன் செல்லும் சித்தப்பாவிடம் வியர்வையைப் பற்றிச் சொன்னபோது, வலை இழுத்தால் எல்லோருக்கும்தானே வியர்க்கும் என்றார். சும்மா உட்கார்ந்திருக்கையில் வியர்த்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ முதலில் குளுக்கோஸைக் கொடுங்கள் என்று சொல்லி, பொட்டலத்தை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.