பவர் விண்டோ சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். இடது பின்கதவுக் கண்ணாடி மட்டும் மெதுவாக ஏறுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில் 1: உடனே மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பேட்டரி சார்ஜ் குறைந்திருந்தால் எல்லாக் கண்ணாடியுமே மந்தமாக ஏறும். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் காய்ந்திருக்கும். சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கும்.

பதில் 2: முதலில் விண்டோ லாக் (மற்றக் கதவுகளின் கண்ணாடி சுவிட்சுகளை முடக்கும் டிரைவர் பக்க பட்டன்) அழுத்தியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாடியையும் டிரைவர் பக்க சுவிட்சிலும் அந்தந்தக் கதவு சுவிட்சிலும் முழுதாக இறக்கி ஏற்றுங்கள். ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் மோட்டார் நல்லது, கோளாறு சுவிட்சிலோ வயரிலோதான். மோட்டார் சத்தம் வந்தும் கண்ணாடி அசையாவிட்டால் ரெகுலேட்டர் (கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அமைப்பு) கேபிள் அறுந்திருக்கலாம். சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து கதவுக் கீல் அருகே ரப்பர் உறைக்குள் போகும் வயர். கதவு திறந்து மூடியே அங்கே அறுந்துவிடும்.

பதில் 3: தடை பட்டால் தானாக இறங்கும் வசதி இருந்தால் அதையும் சோதியுங்கள், சுருட்டிய செய்தித்தாளை வைத்து. கையை வைக்காதீர்கள். பேட்டரி கழற்றி மாட்டியபின் ஆட்டோ ஏற்றம் (ஒரு தட்டலில் கண்ணாடி தானே முழுதாக ஏறுவது) நின்றிருந்தால், பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்தால் திரும்ப வந்துவிடும்.