டைனீன் குறைபாடு: பார்த்ததும் கவனிக்க வேண்டியதும்

நிறைமாதக் குழந்தை, சிக்கலில்லாத பிரசவம். ஆனாலும் பிறந்து அரை நாள் கழித்து மூச்சுத் திணறி ஆக்சிஜன் தேவைப்படுகிறது. அப்புறம் ஆறு மாதம் ஆவதற்குள் ஆரம்பித்த ஈர இருமல், வருடம் முழுக்க மூக்கொழுகல், காதில் நீர். இந்த வரிசையைக் கேட்டதும் பிசிடி, அதாவது மூச்சுப்பாதையில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களான சிலியாவின் அசைவுக் கோளாறு, நினைவுக்கு வர வேண்டும். சிலியாவை அடிக்க வைக்கும் மோட்டார் புரதமான டைனீன் பழுதானால் சளி மேலேறாது. கருவில் உறுப்புகளின் இடவலத்தைத் தீர்மானிக்கும் நீரோட்டமும் அதே டைனீனால் வருவதுதான். அதனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயமும் கல்லீரலும் பக்கம் மாறியிருக்கும். கார்டஜெனர் என்ற மருத்துவர் 1933-இல் விவரித்த இந்த நோய்க்குக் காரணம், சிலியாவுக்குள் டைனீனால் ஆன சிறு நீட்சிகளான ‘டைனீன் கைகள்’ இல்லாததே என்று அஃப்ஸீலியஸ் காட்டியது 1976-இல்.

எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் இருந்தால், படம் தலைகீழாகிவிட்டது என்று திருப்பி மாட்டிவிடும் ஆபத்து உண்டு. பக்கக் குறியை முதலில் பாருங்கள். இசிஜியில் முதல் லீட் தலைகீழாக வந்தால் கை ஒயர் மாறியிருக்கலாம். ஆனால் நெஞ்சில் வைக்கும் லீட்களில் வி1-லிருந்து வி6 வரை ஆர் அலை (மேல்நோக்கிய கூர்முனை) வளராமல் தேய்ந்துகொண்டே போனால் அது நிஜமான வலப்பக்க இதயம்.

டாக்டர், லேப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். சளி, காய்ச்சல் முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்து மூக்கின் உட்புறத்தை பிரஷால் வருடி எடுத்த செல் மாதிரியை அனுப்புங்கள். தொற்று இருக்கும்போது எடுத்தால் நல்ல சிலியாவும் நோயுள்ளதுபோல் அடிக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு குளூட்டரால்டிஹைடில் போடுங்கள், ஃபார்மலினில் வேண்டாம். அதில் டைனீன் கைகள் சரியாகத் தெரிந்தாலும் நோய் இல்லை என்று எழுதிவிட முடியாது. டிஎன்ஏஎச்11 மரபணுப் பழுதில் அமைப்பு இயல்பாகவே தெரியும். அதிவேக வீடியோவில்தான் விறைப்பான, குறுகிய அடிப்பு பிடிபடும். மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு நிமிடத்துக்கு 77 நானோலிட்டருக்குக் கீழே இருந்தால் வலுவான சான்று. ஆனால் அது 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், அதுவும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகும் ஒரு மரபுநோய்) இல்லை என்று உறுதிசெய்த பிறகு.

பிசியோதெரபி பார்ப்பவர்கள் சார்பில் நான் சேர்ப்பது: இருமல் அடக்கும் சிரப் தயவுசெய்து எழுதாதீர்கள். இவர்களுக்கு சிலியாவின் வேலையை இருமல்தான் செய்கிறது, அதையும் நிறுத்தினால் சளி அப்படியே தேங்கும். தினம் இருவேளை சளி வெளியேற்றும் பயிற்சி. உப்புநீர் நெபுலைசர் கொடுப்பதானால் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால், கால் மணி கழித்து உப்புநீர், பிறகு பயிற்சி. மூச்சில் இழுக்கும் ஆன்டிபயாடிக் இருந்தால் அது கடைசியில். உப்புநீரின் முதல் டோஸ் மருத்துவமனையில்தான், ஏனென்றால் சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி கல்ச்சர்.

அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நீண்டநாள் கொடுத்தால் திடீர் மோசமாதல்கள் குறைவதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடங்குமுன் இசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா சளியில் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். அது இருக்கும்போது இந்த ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும்.