கடை திறக்க வந்த கதாநாயகிகள்: வேலூர் பக்கத்து ரசிகர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி சித்தப்பா:

சென்னைக்காரர்களிடம் "நடிகை யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டால், அதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். வடபழனி சிக்னலில் பார்த்தேன், பெசன்ட் நகரில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன் என்று ஆளுக்கு நாலு கதை வைத்திருப்பார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலூருக்கு நடிகை வருகிறார் என்றால் நகைக்கடையோ துணிக்கடையோ திறக்கிறார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் ஸ்ரீபுரம் பொற்கோயில், அதுவும் இல்லையென்றால் விஐடி பல்கலைக்கழகத்தின் ரிவியேரா கலைவிழா. ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள்தான். ஆனால் உடம்பு சரியில்லாமல் வந்தவரிடம் செல்ஃபி கேட்ட கதை யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அதை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளவும்.

நான் பார்த்தது கடை திறப்பில். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் "அவங்களப் பாக்கவா அந்த வெயில்ல போன?" என்று வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பமாகும். மே மாதம். காலை பத்து மணி என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். பத்தரைக்கே ரோடு நிரம்பி, பஸ்ஸெல்லாம் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அன்றைக்கு நடிகையைவிட அதிக மரியாதை கிடைத்தது தர்பூசணி விற்றவருக்குத்தான். "இன்னாபா, வருமா வராதா?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். உச்சி வேளையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கிய கைகளும், அதற்கு நடுவே அரை விநாடி ஒரு பட்டுச்சேலையின் முந்தானையும்தான். மைக்கில் "வணக்கம் வேலூர்! எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று குரல் கேட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத கூட்டம் "சாப்ட்டோம்" என்று கத்தியது. பக்கத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் நின்றிருந்தார். கூடையின் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, "டிவியில குண்டா தெரிது, நேர்ல ஒல்லியா கீதே பாவம்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நடிகைகள் நம் ஊருக்கு உண்மையில் வந்தது காரில் இல்லை. வளையல் கடை வழியாக, டெய்லர் கடை வழியாக, சலூன் சுவர் வழியாகத்தான் வந்தார்கள். 1985-ல் பூவே பூச்சூடவா வந்தது. நதியாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம். பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கிற கதை, பத்மினிதான் பாட்டி. அதனால் வீட்டுப் பெண்களை எந்தத் தடையும் இல்லாமல் தியேட்டருக்கு அனுப்பினார்கள். அனுப்பியதன் பலன் மறுவாரமே லாங் பஜாரில் தெரிந்தது. நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை. கடைக்காரர்கள் பழைய சரக்கையெல்லாம் நதியா என்று பெயர் மாற்றித் தள்ளிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். என் அக்கா அந்தப் பெரிய வளையத்தைக் காதில் மாட்டிக்கொண்டு படுக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். அதே நதியா 2004-ல் எம். குமரன் படத்தில் ஜெயம் ரவிக்கு அம்மாவாக வந்து பாதியில் இறந்துபோனபோது, தியேட்டரில் அக்கா விட்டுவிட்டு அழுதாள். படத்தில் அம்மா செத்ததற்கு அழுதாளா, நதியா அம்மாவாகிவிட்டதற்கு அழுதாளா என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

நடிகர்களுக்குக் கட் அவுட் வைத்தோம், பாலை ஊற்றினோம், வாஸ்தவம்தான். ஆனால் ரஜினி கம்மல் என்றோ கமல் இட்லி என்றோ எதுவும் இல்லையே. குஷ்புவுக்கு மட்டும்தான் இட்லி. சின்ன தம்பி ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜவ்வரிசி ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார்கள், சிலர் ஆமணக்கு விதை சேர்ப்பார்கள், மாவு நுரைத்துப் பொங்கி வரும். அம்மா மட்டும் கடைசிவரை அதை "ஜவ்வரிசி இட்லி" என்றுதான் சொன்னார்.

உங்கள் கதைகளைப் போடுங்கள். நான் சொல்வது பழைய வடாற்காடு மாவட்டம் முழுக்க. 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் இன்னொரு தடவை பிரித்தார்கள். ரசிகர்களைப் பிரிக்க அரசாணை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

விஐடி முன்னாள் மாணவன்:

சித்தப்பா, ரிவியேராவில் ஒரு கதாநாயகி வந்தபோது நான் நின்ற இடத்திலிருந்து மேடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. முழுக்க முழுக்க எல்இடி திரையில்தான் பார்த்தேன். விடுதிக்கு வந்து அம்மாவுக்கு போன் பண்ணி நேரில் பார்த்தேன் என்று சொன்னேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

குடியாத்தம் அக்கா:

தம்பி, உன் கணக்கை நீயே வைத்துக்கொள். சித்தப்பாவிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

வேலூரைப் பற்றி ஊரெல்லாம் ஒரு கிண்டல் சொல்வார்களே: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அப்புறம் கடைசியாக அழகில்லாத பெண்கள். நான் காலேஜ் படித்தபோது பையன்கள் இதைப் பாட்டு மாதிரி பாடுவார்கள். அவர்கள் பர்ஸில் எல்லாம் சிம்ரன் படம் இருக்கும். சாமி இல்லாத கோயில் என்ற பேச்சு 1981-லேயே முடிந்துவிட்டது. சித்தப்பாவின் சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைத்தான் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். நீரில்லாத ஆற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை எல்லோரும் பாலத்தின் மேல் நின்று வீடியோ எடுத்தீர்கள். இரண்டு திருத்தம் ஆகிவிட்டது. மூன்றாவதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி டெய்லர் கடை. எங்கள் தெரு டெய்லர் அண்ணன் ஒரு நோட்டு வைத்திருந்தார். வாரப் பத்திரிகைகளில் வரும் நடிகைகள் படத்தை வெட்டி ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் கழுத்து, கை அளவுக் குறிப்பு எழுதியிருப்பார். ஆனால் முகம் இருக்கிற பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்! கழுத்துக்குக் கீழேதான் ஒட்டுவார். "முகத்த வெச்சா இவங்க மாதிரியே இருக்கணும்னு கேப்பீங்க, அது நம்மால ஆவாது" என்பார். அதனால் எங்கள் தெருவில் நடிகைகளை ஜாக்கெட்டை வைத்தே அடையாளம் சொல்லுவோம். பஃப் கை என்றால் குஷ்பு. மற்றதெல்லாம் போட்டிபோட்டுக் கண்டுபிடிப்போம், தீர்ப்பு அண்ணன் சொல்வார்.

2018-ல் 96 வந்ததும் அவர் கடையில் ஒரே நிறம். த்ரிஷா போட்டுவந்த அந்த மஞ்சள் குர்தாதான். அதே சமயத்தில்தான் எங்கள் பத்தாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்தோம். அந்தப் படம் பார்த்த ஊரெல்லாம் அப்போது இதைத்தான் செய்தது. நான் யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் குர்தா தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்துக்குள் போனால் எல்லா மூலையிலும் மஞ்சள். குரூப் போட்டோவைப் பார்த்த என் மகள், "ஏம்மா, உங்க ஸ்கூல்ல யூனிஃபார்ம் மஞ்சளா?" என்று கேட்டாள். படத்தின் நாயகன் ராம் மாதிரி தாடி வைத்துக்கொண்டும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை, பிரியாணி எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

த்ரிஷாவை நான் விடாமல் பின்தொடர்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1999-ல் ஜோடி படத்தில் சிம்ரனுக்குத் தோழியாக ஓரமாக வந்து போனவர். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து பொன்னியின் செல்வனில் குந்தவையாக நடுவில் நிற்கிறார். கதாநாயகன்களுக்கு அறுபது வயதிலும் காலேஜ் வாசலில் பாட்டு வைக்கிற ஊரில், ஒரு பெண் இவ்வளவு காலம் நிற்பது சாமானியமா? 2024-ல் கில்லி மறுபடி ரிலீஸ் ஆனபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் பிறக்கவே இல்லை. பாட்டுக்கு அவள்தான் முதலில் எழுந்து ஆடினாள்.

காட்பாடி ஜங்ஷன்:

என்னுடையது சீரியல் நடிகை. சேர்த்துக்கொள்வீர்களா?

அம்மாவும் நானும் பெங்களூர் வண்டிக்காக பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச தூரத்தில் சுடிதார் போட்ட ஒரு அம்மாள், பையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என் அம்மா உற்றுப் பார்த்தார். தினமும் ராத்திரி மருமகளை அழவைக்கிற மாமியார்! நான் தடுப்பதற்குள் எழுந்து நேராகப் போய் நின்று, "ஏம்மா, அந்தப் பொண்ணு உனக்கு இன்னாதான் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டார். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் அமைதியாக, "கவலப்படாதீங்கம்மா, அடுத்த வாரம் நான் செத்துடுவேன்" என்றார்.

அம்மாவுக்கு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பையிலிருந்து ஆற்காடு மக்கன் பேடா டப்பாவை எடுத்து, பெங்களூரில் சித்திக்கு என்று வாங்கியதை, அவருக்கு இரண்டு கொடுத்தார். அவரும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு இருவரும் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சினிமா பேச்சே வரவில்லை. தினமும் போக வர ரயில், இரவு ஷூட்டிங், பளபளப்புச் சேலையோடு தூக்கம் என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா "பாவம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் தெரு முழுக்கச் சேதி: மாமியார் அடுத்த வாரம் சாகப் போகிறாள். அடுத்த வாரம் வந்தது, சாகவில்லை. அதற்கடுத்த மாதமும் சாகவில்லை. மாடியிலிருந்து விழுந்தார், விஷம் குடித்தார், ஒவ்வொரு தடவையும் ஐசியூவிலிருந்து எழுந்து வந்து மறுபடி மருமகளைப் படுத்தினார். தெருவில் அம்மாவின் சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் அம்மா மாமியார் பக்கம் சேர்ந்துவிட்டார். "அவளுக்கு மூட்டு வலிடா, அதான் எரிச்சல்ல பேசுறா" என்கிறார்.

சத்துவாச்சாரி சித்தப்பா:

காட்பாடித் தம்பி, நம்ம ஊர்ப் பக்கம் இதுவரைக்கும் வந்ததில் முழு நீளச் சந்திப்பு உன் அம்மாவுடையதுதான். கூட்டம் இல்லை, பவுன்சர் இல்லை, டீயோடு நடந்திருக்கிறது.

குடியாத்தம் அம்மணிக்கு: மூன்றாவது திருத்தத்தை ஏற்றுக்கொண்டாயிற்று. மலையில் மரம் வளர்ப்பதை மட்டும் வனத்துறையிடம் விட்டுவிடுவோம்.

வாலாஜா பெரியவர்:

எல்லோரும் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் பிறந்த ஒருத்தி எத்தனை கதாநாயகிகளுக்குத் தொண்டையாக இருந்தாள் என்று யாராவது சொல்வீர்கள் என்று இவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தேன். வாணி ஜெயராம் 1945-ல் வேலூரில் பிறந்தவர். கே.ஆர். விஜயா "மல்லிகை என் மன்னன் மயங்கும்" என்று வாயசைத்தது இவர் குரலுக்கு. ஸ்ரீவித்யா "ஏழு ஸ்வரங்களுக்குள்" பாடியதும் இவர் குரலில்தான். அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது வந்தது. முள்ளும் மலரும் படத்தில் படாபட் ஜெயலட்சுமிக்கு "நித்தம் நித்தம் நெல்லு சோறு". இந்த மூன்று பாட்டையும் ஒருவரே பாடினார் என்று தெரியாமல் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சோறு பாட்டில் நாக்கில் எச்சில் ஊறும், ஸ்வரப் பாட்டில் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். இந்திக்குப் போய் 1971-ல் குட்டி படத்தில் ஜெயா பாதுரிக்குப் பாடியதில்தான் நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர்.

நான் நேரில் பார்த்ததில்லை. விவித் பாரதிதான். நெசவுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் ரேடியோவைத் திருப்பி வைத்திருப்போம், அவர் பாட்டு வந்தால் பக்கத்துத் தறிக்காரர் தானாகவே நிறுத்துவார். கூலி குறையும் என்று தெரிந்தும் நிறுத்துவார். 2023 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள், கையில் வாங்குவதற்குள் பிப்ரவரியில் போய்விட்டார். கடை திறக்க அவரைக் கூப்பிட்டிருந்தால் நானும் அந்த வெயிலில் வந்து நின்றிருப்பேன்.

ஆம்பூர் ஆள்:

பெரியவருக்கு வணக்கம். அந்தச் சோறு பாட்டில் கத்தரிக்காயும் வருமே! எங்கள் ஊர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்தரிக்காயைத்தான் சொல்லியிருப்பார் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வாலாஜா பெரியவர்:

அந்தப் பாட்டில் வருவது நெய் மணக்கிற கத்தரிக்காய் தம்பி. உங்கள் ஊரில் எண்ணெய் மிதக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது எங்கள் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், அதற்குச் சான்றிதழே இருக்கிறது.

ஆம்பூர் ஆள்:

சான்றிதழை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது தாத்தா. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இலை போடுகிறேன். காட்பாடித் தம்பி, உன் அம்மாவையும் கூட்டிவா. அந்த மாமியார் அம்மாவின் போன் நம்பர் இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.