தோழியின் சட்டை, பழைய புத்தகம், பயணச் சால்வை: எனக்கென்று ஒரு பாணி எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடம் கடை பொம்மை போட்டிருப்பதை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டவள் நான். இப்போதுதான் எனக்கென்று ஒரு பாணி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

பழைய தையல் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் 1930களின் உடைகள். துணியை 45 டிகிரி சாய்த்து, கிராஸாக வெட்டித் தைத்தவை. உடம்போடு அப்படியே வழிந்து விழும். ஆசைப்பட்டு ஒன்று தைத்தேன். இரண்டே நாளில் கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கி ஒரே கோணல். ஓரம் மடித்துத் தைக்கும் முன் ஒரு நாளாவது தொங்கவிட வேண்டுமாம், பிறகுதான் தெரிந்தது!

என் தோழி அவள் அப்பாவின் பழைய சட்டையைக் கை மடித்துவிட்டுப் போடுவாள், அவ்வளவு எடுப்பாக இருக்கும். நான் போட்டால் இரவல் சட்டை என்று பார்த்ததுமே தெரிகிறது. பயணங்களில் வாங்கிய சால்வைகளோ அலமாரியில் தூங்குகின்றன.

அடுத்தவரிடம் பிடித்ததை உங்களுக்கு ஏற்றபடி எப்படி மாற்றிக்கொள்கிறீர்கள்? நிறத்தை மட்டும் எடுப்பீர்களா, வெட்டையுமா? அப்புறம், கிராஸ் வெட்டுக்கு எந்தத் துணி தோதுப்படும்? தைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கோணல் உடையின் படம் வேண்டுமானால் போடுகிறேன், சிரிக்கக் கூடாது.