ட்ரெபுஷே செய்தேன்: வேலை வாங்கியது ஒரு சின்ன இரும்பு விரல்தான்

ட்ரெபுஷே என்பது அந்தக் காலக் கோட்டை முற்றுகைகளில் கல் எறிந்த பொறி: அச்சில் ஆடும் நீளக் கட்டையின் குட்டைப் பக்கத்தில் கனமான எடை விழ, நீளப் பக்க நுனியில் கட்டிய கவண் கல்லை வீசும். அதைப் பிளைவுட்டும் போல்ட்டும் வைத்துச் செய்தவர்களின் அனுபவங்களைப் படித்திருக்கிறேன். என்னுடையது ஆள் உயர ட்ரெபுஷே. மரவேலை ஊர் ஆசாரியுடையது, இரும்பு வேலை கொல்லுப்பட்டறையில்.

படத்தைக் காட்டியதும் "ஏத்தம் மாதிரிதானே தம்பி" என்றார் ஆசாரி. சட்டத்துக்கு வேம்பு. ஒரு கட்டையில் காடி (குழி) வெட்டி, அடுத்ததன் கழுந்தை (முனையை) அதில் இறக்கி, மூங்கில் ஆணி அடித்தார். எறியும் கையில், அதாவது அந்த நீளக் கட்டையில்தான் வாக்குவாதம். நுனிவரை ஒரே கனம் இருக்கட்டும், இல்லாவிட்டால் முறியும் என்பது அவர் கட்சி. ஆனால் நுனி கனத்தால் விசையெல்லாம் கட்டையைச் சுழற்றுவதிலேயே போய்விடும். கடைசியில் அச்சுப் பக்கம் தடிமனாகவும், போகப்போக மெலியும்படியும் இழைத்துக் கொடுத்தார். எடைப் பக்கம் ஒரு பங்கு நீளம், கவண் பக்கம் நாலு பங்கு. அரைக் கிலோ கல்லுக்கு ஐம்பது கிலோ எடை.

அச்சையும், எறியும்வரை கையைப் பிடித்து வைக்கும் கொக்கியையும் கொல்லர் சீக்கிரமே அடித்துவிட்டார். இழுத்தடித்தது கையின் நுனியில் நிற்கும் இரும்பு விரல். கவணின் ஒரு கயிறு கையோடு கட்டியிருக்கும், இன்னொன்றின் வளையம் இந்த விரலில் சும்மா மாட்டியிருக்கும். வளையம் நழுவும்போதுதான் கல் புறப்படும். விரல் நிமிர்ந்திருந்தால் சீக்கிரமே நழுவி, கல் வானத்துக்கோ பின்பக்கமோ போகும். ரொம்ப வளைந்திருந்தால் எதிரே தரையில் அறையும்.

லாரி வில்பட்டையில் அடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம், பதம் ஏறினா வளைக்கும்போது ஒடியும், சாதாரணக் கம்பியே போதும்" என்றார். அதுதான் சரி. எறிந்து பார்ப்பதும், சிவக்கக் காய்ச்சி ஒரு தட்டுத் தட்டி மறுபடி எறிவதுமாகவே பொழுது போனது. துருத்தி ஊதியது நான்.

1304-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் கோட்டை முற்றுகையில், உள்ளே இருந்தவர்கள் சரணடையத் தயாரான பிறகும், புதிதாகச் செய்த ராட்சத ட்ரெபுஷேவை எறிந்து பார்த்த பிறகுதான் சரணை ஏற்றாராம் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். கொடுமைதான். ஆனாலும் செய்து முடித்தவனின் அந்த அரிப்பு இப்போது எனக்குப் புரிகிறது!

செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. கொக்கியில் நீளக் கயிறு கட்டிப் பக்கவாட்டிலிருந்து இழுங்கள். கல் போன பிறகும் கை கொஞ்ச நேரம் ஊசலாடும், அது அடங்கும்வரை கிட்டே போகாதீர்கள்.