சீமைக்கருவேலத் தூர்: எந்த ஆழத்தில் அறுத்தீங்க, என்ன துளிர்த்துச்சு?

கமுதிக் கரிசல்:
தூர், அதாவது வெட்டின மரத்தோட அடிக்கட்டை, எடுத்தவங்க நிறையப் பேர் இதைப் பார்த்திருப்பீங்க. மரத்தை வெட்டிக் கரிமூட்டத்துக்கு ஏத்தியாச்சு, கரிசல் புஞ்சையில் தூர் மட்டும் நிக்குது. கோடையில் புல்டோசரோட முன்தகட்டை, அதான் பிளேடை, வச்சுத் தள்ளினாங்க. மண் இறுகிக் கிடந்ததால் தூர் பிடுங்கி வராம, மண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே மளுக்குனு முறிஞ்சிருச்சு. மேலே பார்த்தா நிலம் சுத்தம். ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்ததும், முறிஞ்ச தூர் ஒவ்வொண்ணைச் சுத்தியும் விரல் கனத்துக்குக் குச்சி கிளம்பிருச்சு. ஒத்தை மரம் நின்ன இடத்தில் இப்ப பத்துக் கொம்போட புதர்.

ஒரு தூரைச் சுத்திப் பறிச்சுப் பார்த்தாத்தான் விஷயம் புரியுது. மண்ணுக்குள்ளே ஒரு சாணுக்கு மேலே இறங்கிக் கிடக்கிறது வேர் இல்லை, தண்டு. அந்தத் தண்டைச் சுத்தித்தான் மொட்டு உறங்குது. புதுக் குச்சி அத்தனையும் அங்கிருந்துதான் வந்திருக்கு. அதுக்குக் கீழே வழவழன்னு ஓடுற வேரில் ஒரு துளிர்கூட இல்லை.

செயின்வண்டி:
பிளேடு தள்ளுறதுக்குத்தான், அறுக்கிறதுக்கு இல்லை. தூரைப் பிளேடால் எடுக்கணும்னா மண்ணில் ஈரம் இருக்கணும். கரிசலில் மழை பெஞ்சு, மேல்மண் காஞ்சு, அடியில் ஈரம் நிக்கிற அந்தச் சில நாள்தான் வாகு. அதுக்கு முந்தி இறக்கினா வண்டியோட செயின் சக்கரம் வழுக்கும், பிந்தினா முறியும்.

ரிப்பர், அதான் வண்டிக்குப் பின்னால் மண்ணைக் கீறுற இரும்புப் பல், போட்டாச் சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. ஒத்தைப் பல் ரிப்பர் தூரில் நேரா ஏறும்போது பக்கத்தில் நின்னு பாருங்க. பல் தூரை நெடுக்கப் பிளந்துட்டு ஒரு பக்கமா விலகிப் போயிடும். பிளந்த ரெண்டு பாதியும் மண்ணிலேயே நிக்கும், ரெண்டும் துளிர்க்கும். ரிப்பர் மண்ணைத் தளர்த்த உதவும், அவ்வளவுதான். சுக்கான்கல், அதான் சுண்ணாம்புக்கல், படிவம் மேலாக இருக்கிற நிலமா இருந்தா பல்முனையும் சீக்கிரம் தேஞ்சிடும்.

லரேடோக்காரன்:
தெற்கு டெக்ஸாஸில் இதே குடும்பத்து மரம்தான், மெஸ்கீட். அங்கே இதுக்குன்னே வேரறுக்கும் கலப்பை இருக்கு. டி-7, டி-8 மாதிரி பெரிய டோசருக்குப் பின்னால் ரெண்டு கனமான செங்குத்துக் கால், அந்தக் கால்களுக்கு அடியில் கிடைமட்டமா ஒரு V வடிவ வெட்டுத்தகடு. அகலம் 10 அடியிலிருந்து 16 அடி வரை. 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மண்ணுக்குள்ளேயே ஓடி, கமுதி அண்ணன் சொன்ன அந்த மொட்டுத் தண்டுக்குக் கீழே வேரை அறுக்கும்.

முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு வேலை நடந்த மாதிரியே தெரியாது. தகடு அடியில் போகும்போது தரை ஒரு அலையா எழும்பி அடங்குது. சின்னச் செடி ஒரு குலுக்கு குலுங்கிட்டு நின்ன இடத்திலேயே நிக்குது. இலை வாடின பிறகுதான் வேர் அறுந்தது தெரியும்.

இங்கேதான் கோளாறும் வரும். அறுந்த தூர் மண்ணுக்குள்ளேயே கிடக்க, பின்னாலேயே மழை வந்தா மறுபடி வேர் பிடிச்சுக்கும். அதுக்காகத்தான் தகட்டின் மேலே சாய்வா துடுப்பு பற்றவைக்கிறாங்க. அது தூரை மேலே தள்ளி வெயிலில் போடும். துடுப்பு தேஞ்சா உடனே மாத்தணும். தகடு மண்ணில் இருக்கும்போது வண்டியைத் திருப்பவோ பின்னால் எடுக்கவோ கூடாது, கால் முறுக்கிக்கும்.

ஆணிவேரை நினைச்சுப் பயப்பட வேண்டாம். அரிசோனாவில் டுசான் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கீட் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடந்ததாப் பதிவு இருக்கு. ஆனா அந்த வேர் எதுவும் துளிர்க்காது. மேலே உள்ள ஓரடிதான் கணக்கு.

முதுகுளத்தூர் மேற்கு:
லரேடோத் தம்பி சொல்றது ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைக்கு. ரெண்டு ஏக்கர் புஞ்சையில், நாலு பக்கமும் வரப்பு, நடுவிலே ஒரு கிணறு, அங்கே 16 அடித் தகடு எப்படித் திரும்பும்? இங்கே ஹிட்டாச்சி இல்லேன்னா ஜேசிபிதான். அதையும் முறையாச் செஞ்சா நல்லாவே எடுக்கும். பக்கெட்டைத் தூர் மேலே குத்தாதீங்க. தூரிலிருந்து ரெண்டடி தள்ளி மூணு பக்கமும் பக்கவேரை அறுத்துட்டு, நாலாவது பக்கம் பல்லை அடியில் கொடுத்து நெம்பணும். தூர் முழுசா வரும், மண்ணும் அதிகம் வராது. அந்தக் கட்டையும் மூட்டத்துக்கு விலைபோகும்.

செயின்வண்டி சாரோடயும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியலை. ஈரம் இருந்தா போதுங்கிறார். 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு அகற்றின இடங்களில் ஈரமா கேடு? நிறைய இடத்தில் தூரையே தொடாம மரத்தை மட்டும் அறுத்துட்டுப் போனாங்க. அப்புறம் துளிர்க்காம என்ன செய்யும்?

கண்மாய்ப்பாசனம்:
யாரும் கேக்கலைன்னாலும் இதைச் சொல்லணும். தூர் எடுத்ததோட வேலை முடியலை, மண்ணில் விதை கிடக்கு. ஆடு மாடு காயைத் தின்னா விதை செரிக்காம சாணத்தோட வெளியே வந்து முளைக்கும். அதனால சுத்தம் பண்ணின நிலத்தில், காய் தின்ன மந்தையைக் கிடை போடாதீங்க. நாத்து வந்தா மழை பெஞ்ச மறுநாள் கையால் பிடுங்கிடுங்க. முழங்கால் உயரம் தாண்டினா கை தாங்காது. அடுத்த சில வருஷமாவது இதைப் பார்க்கணும்.

நிலத்தைச் சும்மா போடாதீங்க. மேய்ச்சலுக்குன்னா கொழுக்கட்டைப்புல் தூவலாம். டெக்ஸாஸிலும் வேரறுத்த நிலத்தில் இதே புல்லைத்தான் ஏராளமா விதைச்சாங்க. விதை லேசானது, ஆழமா மூடினா முளைக்காது. தூவிட்டு முள்ளுக்கொப்பை இழுத்துவிட்டாலே போதும்.

வண்டி வர்றதுக்கு முந்தி, விட்டுவைக்க வேண்டிய நாட்டுக்கருவேலம், வன்னி, உடை எல்லாத்துக்கும் சுண்ணாம்பால் பட்டை போடுங்க. ஓட்டுநர் மேலே உட்கார்ந்து பார்த்தா முள்ளு எல்லாம் ஒண்ணுதான். கண்மாய்க்கரையில் தூரைப் பறிக்கவே பறிக்காதீங்க. குழி விழுந்த இடத்தில் தண்ணி கசிஞ்சு கரை உடைப்பெடுக்கும். பறிச்சே தீரணும்னா அன்னைக்கே மண் போட்டு, தண்ணி தெளிச்சு, அடுக்கடுக்கா திமிசுக் கட்டையால் இடிச்சு இறுக்கணும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மாதிரி பறவை கூடுகட்டுற கண்மாயில் வனத்துறையைக் கேக்காம எந்த முள்மரத்திலும் கைவைக்க வேண்டாம்.

செயின்வண்டி:
மேற்கு அண்ணே, தூரைத் தொடாம விட்ட இடத்தைப் பத்தி நான் பேசலை. தொட்டும் முறிஞ்ச இடத்தைத்தான் சொன்னேன். நீங்க சொல்ற மூணு பக்க வெட்டு சரி, ஆனா தூர் ஒவ்வொண்ணுக்கும் நேரம் எடுக்கும், வாடகை மணிக்கணக்கு. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டரைப் பார்த்து எழுதிக்கோங்க. தூர் நெருக்கமா நின்னா வேளாண் பொறியியல் துறை டோசருக்கு எழுதிக் கொடுக்கலாம், முறை வரத் தாமதமாகும். எந்த வண்டியா இருந்தாலும் அடித்தட்டும் ஹைட்ராலிக் ஹோஸும் கவனம். வெட்டின தூரில் ஈட்டியா நிக்கிற கொம்பு ஹோஸைக் கிழிச்சா எண்ணெய் மொத்தமும் மண்ணில்தான். ரேடியேட்டர் முன்னால் சல்லடை வலை கட்டுங்க, பொடி இலை அடைச்சு எஞ்சின் சூடாகும்.